ஏழேழு ஜென்மம்

காதல் பாட்டில் பல்லவி எப்படிப் போனாலும், சரணத்துக்குள் எங்கேயாவது ஓர் 'ஏழேழு ஜென்மம்' வந்து உட்கார்ந்துவிடும். ஆறும் எட்டும் அங்கே செல்லுபடி ஆவதில்லை. இந்த ஏழு காதலுக்குள் எந்த வழியாக நுழைந்தது?

குறுந்தொகை 49இல் அம்மூவனாரின் தலைவிக்கு மறுமை ஒன்றே போதுமாக இருக்கிறது. இந்தப் பிறவி மாறினாலும் நீதான் என் கணவன், உன் நெஞ்சுக்கு ஒத்தவள் நானாக இருக்க வேண்டும் என்கிறாள். கல்யாணப் பத்திரிகையில் போடத் தோன்றும். பாட்டின் சூழலைச் சொல்லும் துறைக்குறிப்பைப் படித்துவிட்டுப் போடுவது நல்லது. பரத்தையிடம் போய்த் திரும்பியவனிடம் பேசுகிறாள் அவள். இன்றைக்கு உன் நெஞ்சில் இருப்பவள் வேறொருத்தி என்ற குத்தல் அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது.

வள்ளுவரிடம் 'எழுமை', 'எழுபிறப்பு' தாராளமாகவே உண்டு. நல்ல மக்களைப் பெற்றவனுக்கு, துன்பம் துடைத்த நட்புக்கு, கற்ற கல்விக்கு, பேதை போய் விழும் நரகத்துக்கு என்று பல இடங்களில் வரும். காமத்துப்பாலில் மட்டும் வராது. அங்கே ஏழு என்றால் நாள்: பிரிந்தவன் வரவைப் பார்த்திருப்பவளுக்கு ஒரு நாள் ஏழு நாளாக நீள்கிறது (1269). பிறவிப் பேச்சு வரும்போதோ சண்டைதான். இந்தப் பிறவியில் பிரியமாட்டோம் என்கிறான் அவன். அப்படியானால் அடுத்ததில் பிரிவாயா என்று அவள் கண்கலங்குகிறாள் (1315). குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் எழுபிறப்பை எழுவகைப் பிறப்பு என்று கொள்கிறார்: தேவர், மக்கள், விலங்கு, பறவை, ஊர்வன, நீர்வாழ்வன, தாவரம். அந்தக் கணக்கில் பார்த்தால் காதலர்கள் ஒரு முறை மீனாகவும் ஒரு முறை புளியமரமாகவும் சேர்ந்திருக்க வேண்டிவரும். எந்தப் பாடலாசிரியரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்.

இந்த ஏழு என்ற எண்ணைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போட்டவள் ஆண்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. திருப்பாவையின் 29ஆம் பாட்டில் 'ஏழேழ் பிறவி' உறவுக்கும் ஆட்செய்வதற்கும் சொன்ன சொல், அடியார் பேச்சு. நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகத்தில் அதையே மணவறைக்குக் கொண்டுபோகிறாள். நாராயணன் தன் கையால் அவள் காலைப் பிடித்து அம்மிமேல் வைக்கிறான். அந்தப் பாட்டிலேதான் ஏழேழ் பிறவியும் வருகிறது. இன்றும் மாப்பிள்ளை குனிந்து, பெண்ணின் வலது காலைத் தூக்கி அம்மியில் வைத்து, விரலில் மெட்டி போடுகிறார். பாட்டில் அடிமைப்பட வேண்டியவள் பெண். குனிந்து கால் பிடிப்பவனோ கடவுள். சினிமாப் பாட்டு பிறவியை எடுத்துக்கொண்டது, இந்தக் குனிவை விட்டுவிட்டது.

ஏழேழு என்பது பதினாலா, நாற்பத்தொன்பதா? இரண்டும் வேண்டாம். 'ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம்' என்று சொல்கிறவர் தலைமுறையை எண்ணியா சொல்கிறார்?

பிறவி எப்படி ஜென்மம் ஆனது என்பதுதான் மிச்சம். பக்திப் பாடல்களில் பிறவிக்குப் பக்கத்தில் கடல், பிணி, அறுத்தல் என்று துணைக்கு ஆள் கூடிவிட்டது. அறுக்க வேண்டியதைக் காதலியிடம் ஏழு மடங்காகக் கேட்பது மெட்டுக்கு இடிக்கும். ஆனால் ஜென்மமும் அப்படியொன்றும் சுத்தமான சொல் இல்லை. 'ஜென்மப் பகை' அதில்தான் இருக்கிறது. 'நீயெல்லாம் ஒரு ஜென்மமா?' என்று வீட்டில் திட்டுவதற்கும் அதுதான்.