பழைய ஃபோர்டு பிக்கப், எஸ்யூவி விற்பனை: அமெரிக்கச் சந்தையின் வரலாறு

அமெரிக்காவில் ஒருவர் ஓட்டிய ஃபோர்டு பிக்கப்பும் எஸ்யூவியும் இன்னொருவர் கைக்கு மாறும் சந்தை, ஏறக்குறைய அந்நிறுவனத்தின் சரக்கு வண்டிகள் அளவுக்கே பழையது. 1903-இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ஃபோர்டின் எஃப் வரிசை, 1977 முதல் அந்நாட்டில் மிக அதிகம் விற்கும் பிக்கப்பாக இருப்பதால், பழைய வண்டிச் சந்தையிலும் அதன் எண்ணிக்கை பெரிது. விற்பவருக்குத் தெரிந்ததை வாங்குபவரும் அறியும் உரிமை சட்டம் சட்டமாகக் கிடைத்து வந்ததே இந்தச் சந்தையின் மைய வரலாறு.

1917-இல் வந்த மாடல் டிடி, ஒரு டன் சுமக்கும் வெறும் அடிச்சட்டமாகவே விற்கப்பட்டது. மேற்கூண்டை வாங்கியவரே கட்டிக்கொள்ள வேண்டும். 1925-இல் மாடல் டி காரின் பின்புறத்தில் சரக்குப் பெட்டி பொருத்தி, 281 டாலருக்குத் தொழிற்சாலையிலிருந்தே பிக்கப் வெளிவந்தது. அதே காலத்தில் பழைய வண்டியே புது ஃபோர்டுக்குப் போட்டியாக எழுந்தது. புது மாடல் டி விலைக்கு, அதைவிட வசதியான பழைய கார் ஒன்று கிடைத்தது. போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே தவணைக் கடனுக்குத் தனி நிறுவனம் தொடங்கியிருந்தது. ஹென்றி ஃபோர்டு கடனை விரும்பவில்லை. 1923-இல் அவர் அறிவித்த திட்டத்தில் வாரம் 5 டாலர் கட்டி, முழுத் தொகையும் சேர்ந்த பிறகே வண்டியை எடுக்க முடியும். 1926-இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கெல்லி ப்ளூ புக் என்ற பழைய வண்டி விலைப்பட்டியல் வந்தது. அடுத்த ஆண்டே மாடல் டி உற்பத்தி நின்றது.

எஃப் வரிசை 1948 மாடலாகவும், பிராங்கோ எஸ்யூவி 1966 மாடலாகவும், எஃப்-150 1975-இலும் வந்தன. பண்ணைக்கும் பட்டறைக்கும் உழைத்த வண்டியைக் குடும்பங்களும் வாங்கத் தொடங்கிய காலம் இது. ஏமாற்றும் கூடவே வளர்ந்தது. ஓடோமீட்டரைப் பின்னுக்குச் சுற்றி, அதிகம் ஓடிய வண்டியைக் குறைவாக ஓடியதாகக் காட்டுவது சாதாரண வழக்கமாயிற்று. வாங்குபவருக்குத் தரம் தெரியாத சந்தையில் நல்ல வண்டிக்கும் உரிய விலை கிடைக்காது என்பதைப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களை எடுத்துக்காட்டி நிறுவினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றார்.

1972-இல் ஓடோமீட்டரைத் திருத்துவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்தது. 1985 முதல், பழைய வண்டிக்கு வாரண்டி உண்டா அல்லது இருக்கிற நிலையிலேயே விற்கப்படுகிறதா என்பதைச் சொல்லும் தாளை டீலர்கள் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதாயிற்று. இவற்றைவிட வாங்குபவருக்கு அதிகம் கைகொடுத்தது 1981-இல் 17 குறிகளாக ஒழுங்குபடுத்தப்பட்ட வண்டி அடையாள எண்தான். ஃபோர்டு எண்ணில் எட்டாவது குறி என்ஜினையும், பத்தாவது குறி மாடல் ஆண்டையும் காட்டும். ஃபோர்டில் என்ஜினை அறிவது வண்டியையே அறிவது. 2003 வரை வந்த 7.3 லிட்டர் டீசல் என்ஜின் உழைப்புக்குப் பேர்போனது. அதற்குப் பின் வந்த 6.0 லிட்டர் டீசலோ ஹெட் கேஸ்கெட் கோளாறுக்குப் பேர்பெற்றது. 2000-களின் நடுவில் வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வு பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போதே அது உள்ளே உடைவதுண்டு. வெளித்தோற்றத்தில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

1991 மாடலாக வந்த எக்ஸ்புளோரர், எஸ்யூவியை அமெரிக்கக் குடும்பத்தின் வண்டியாக்கியது. அதன் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிரிந்து, வண்டிகள் உருண்டு, 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் விளைவாகவே டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமாயிற்று. பழைய எஸ்யூவி வாங்குவோர் டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் பார்க்க வேண்டும்; அவை டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2009-இல் எரிபொருளை அதிகம் குடிக்கும் வண்டிகளை ஒப்படைத்தால் 3,500 அல்லது 4,500 டாலர் தரும் அரசுத் திட்டம் வந்தபோது, அதிகம் ஒப்படைக்கப்பட்டவற்றில் எக்ஸ்புளோரர் முன்வரிசையில் நின்றது. அந்த என்ஜின்களில் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, மீண்டும் ஓடாதபடி அழித்தார்கள். மலிவான பழைய வண்டியை நம்பியிருந்த ஏழைகளுக்கு இது இழப்பே.

2021-இல் ஃபோர்டு தன் சான்றளித்த பழைய வண்டித் திட்டத்தை ப்ளூ அட்வான்டேஜ் என்ற பெயரில் மாற்றியமைத்தது. அதன் கோல்டு நிலைக்கு 172 அம்சச் சோதனையும், 14 நாள் அல்லது 1,000 மைலுக்குள் பணத்தைத் திருப்பித் தரும் உறுதியும் உண்டு. சான்று நல்லதுதான்; ஆனால் அடிச்சட்டத்தை நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகாது. 2015 முதல் எஃப்-150-இன் உடல் அலுமினியம், துருப்பிடிக்காது. அடிச்சட்டம் இன்னும் எஃகு. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் ஓடிய வண்டியை உயர்த்தி, அடியைப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

இந்தச் சந்தையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2018 மாடல் முதல் 2022 மாடல் வரை அமெரிக்காவில் விற்ற ஈக்கோஸ்போர்ட் எஸ்யூவி, சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் உருவானது. இந்தியாவில் வண்டி தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்ததன் விளைவாக அந்த ஏற்றுமதியும் பின்னர் முடிவுக்கு வந்தது. 1.0 லிட்டர் என்ஜின் கொண்ட ஈக்கோஸ்போர்ட்டில் ஆயில் பம்ப் பெல்ட் கோளாறு காரணமாக 2023 டிசம்பரில் ரீகால் அறிவிக்கப்பட்டது. ரீகால் நிலுவையில் உள்ள பழைய வண்டியை டீலர் சரிசெய்யாமல் விற்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இன்றும் தடுக்கவில்லை. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், வண்டி அடையாள எண்ணின் 17 குறிகளை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு முகமையின் இலவசத் தேடலில் இட்டுப் பார்ப்பது வாங்குபவரின் வேலை.