உப்பளத்துக்கு ஓர் உருவம்

கற்பனைப் பாத்திரத்துக்கு முகம் எங்கிருந்து கிடைக்கிறது? தமிழில் இதைச் சரித்திரபூர்வமாகப் பார்க்க 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளலாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வந்த தொடர். ஓவியர் மணியம். கதை நிகழும் இடங்களை நேரில் பார்த்து எழுதிய கல்கி, இலங்கைக்கு அவரையும் அழைத்துச் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தது 1931இல். ஆகவே தொடர் தொடங்கும் முன்பே சோழர் காலத்து ஆடையும் அணியும் வண்ணத்தில் காணக் கிடைத்துவிட்டன. செப்புத் திருமேனிகள் வேறு இருந்தன. நந்தினிக்கு ஆண்டாள் கொண்டை, குந்தவைக்கு மகுடம் போன்ற கொண்டை என்று கல்கி எழுத்திலேயே குறிப்பும் கொடுத்துவிட்டார்.

அரண்மனைப் பெண்களுக்கு இவ்வளவு ஆதாரம். கோடிக்கரையில் படகு செலுத்தும் பூங்குழலிக்கு? கோயில் சிற்பி அவளைப் போன்றவர்களை அதிகம் பொருட்படுத்தியதில்லை. கல்கி அவள் கூந்தலில் ஒரு தாழை மடலையும், கழுத்தில் சங்கும் சிப்பியும் சேர்ந்த மாலையையும் வைத்தார். கரையில் கிடப்பதைக் கொண்டே அவளை உருவாக்கினார்.

இது நெய்தல் நிலத்தின் பழைய வழி. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார், நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு முதலில் காட்டும் ஊர் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. நல்லியக்கோடனின் கிடங்கில், திண்டிவனத்தை ஒட்டியது. இந்தக் கரையில் புலவர் பூத்த தாழையில் அன்னத்தைப் பார்க்கிறார். புன்னை அரும்பில் முத்தைப் பார்க்கிறார். அலை ஒதுக்கிய மணக்கும் மரக்கட்டை அவருக்குத் தூங்கும் ஒட்டகமாகிறது. அயல் விலங்கொன்று மணலில் கிடந்த கட்டையிலிருந்து எழுகிறது. விசித்திரம் எல்லாம் ஸ்தூலமான பொருளில் வேர்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த வரிகளில் நுளைமகள் வடித்த கள் உண்டு, சுட்ட மீன் உண்டு, உப்பு இல்லை. உமணர் வண்டி அதே நூலில் கொற்கையைச் சொல்லுமிடத்தில்தான் வருகிறது. மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் அரசன் பெயரைத் தேடிப் படிப்பதே நம் வழக்கம்.

2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தது. மாயக்கதைகளுக்கு உருவம் வரையும் இளைஞர்கள் யாளியையும் துவாரபாலகரையும் தேடிக் கோயில் தூண்களுக்குப் போகிறார்கள். போக வேண்டியதுதான். அங்கே கிடைப்பது அரசனும் தெய்வமும் அவர்களைக் காக்கும் மிருகமும். நாம் கனவு காணும் உலகங்களிலும் இவர்களே குடியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

கழுவெளி ஏரியை ஒட்டிய பாத்திகளில், கண் கூசும் வெள்ளை வெயிலில், பலகையால் உப்பை வரப்புக்கு இழுக்கும் ஆள் இருக்கிறார். தலையில் சும்மாடு, காலில் உப்பு பூத்த வெடிப்பு. தாழையில் அன்னத்தைக் கண்ட கண் இந்த உருவத்தில் எதைக் காணும் என்பது இன்னும் எழுதப்படவில்லை, வரையப்படவும் இல்லை. மாதிரி மட்டும் அங்கே நின்றுகொண்டிருக்கிறது.