பூமத்திய ரேகையருகே எழுந்த புயல்



தீபாவளிக்குத் துணிமணி வாங்கச் சிங்கப்பூருக்குச் செல்லும் தோட்டத்து மக்கள் சிராங்கூன் சாலையை நன்கு அறிவர். அதற்கு அருகிலேயே செல்லும் மற்றொரு நெடுஞ்சாலை ஜாலான் புசார். மலாய் மொழியில் 'பெரிய சாலை' என்பது இதன் பொருள். இதன் கிளைத் தெருக்கள் சிலவற்றுக்கு ஜெலிக்கோ, பீட்டி, ஸ்டர்டி என முதல் உலகப் போரின் கடற்படைத் தளபதிகளுடைய பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்.

அங்கே நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பகுதி கடலோடு தொடர்புடையதுதான். ரோச்சோர், காலாங் ஆறுகளை ஒட்டிய சதுப்பு நிலத்தை மேடாக்கித்தான் அங்கே வீடுகளும் கடைகளும் எழுந்தன. கடல் ஏற்றத்தின்போது கனமழையும் பெய்தால், இத்தகைய தாழ்நிலங்களில் வெள்ளம் வடிய வழியிராது. 1978 டிசம்பர் 2ஆம் நாள் பாயா லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பெய்தது. சிங்கப்பூரின் தாழ்வான பகுதிகள் பல நீரில் மூழ்கின. அந்த மழையைக் கொண்டுவந்தது தென்சீனக் கடலைத் தாண்டி வரும் வடகிழக்குப் பருவக்காற்று.

இந்தக் கடற்காற்றுகளை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான்? அறிந்துவிட்டதாக எண்ணியிருந்த வேளையில் எங்கே தவறினான்? இவ்விரண்டையும் இன்று காண்போம்.

நம் முன்னோர் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும் அழைத்தனர். பாய்மரக் காலத்தில் காற்றே நாட்காட்டியாக இருந்தது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே வந்த கப்பல்கள், வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருந்துதான் திரும்பின. மலாய் மக்கள் தங்கள் பகுதியைக் 'காற்றுக்குக் கீழுள்ள நாடு' என்றும், இந்தியா முதலிய மேற்கு நாடுகளைக் 'காற்றுக்கு மேலுள்ள நாடு' என்றும் அழைத்து வந்தார்கள். பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலில் வந்தவர்கள் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. என்றாலும் புயலுக்கு அஞ்சாமல் இருக்க முடியவில்லை.

புயல் என்பது சுழன்று வரும் காற்று என்பதை, கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒப்பிட்டு விளக்கியவர்களுள் ஒருவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். 1848இல் வெளிவந்த தமது நூலில் அவரே அதற்குச் 'சைக்ளோன்' என்று பெயரிட்டார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. 1864இல் கடும்புயல் ஒன்று கல்கத்தாவைச் சீரழித்தது. மறு ஆண்டே அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. நாகப்பட்டினத் துறைமுகத்தில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தியில் கேட்கிறோம் அல்லவா? அம்முறை இந்த வழியில் வளர்ந்ததே. நம் பக்கத்தில் மலாயா வானிலைச் சேவை 1929இல் தொடங்கப்பட்டது.

இவ்வாறு திரட்டிய அறிவிலிருந்து ஒரு விதி பிறந்தது. பூமத்திய ரேகைக்கு 5 பாகைக்குள் புயல் உருவாகாது என்பதே அவ்விதி. இதற்குத் தக்க காரணம் உண்டு. காற்று, அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி ஓடும். பூமி சுழல்வதால் அது நேரே செல்லாமல் சற்று விலகிச் செல்லும். அந்த விலகலே சுழலாக மாறுகிறது. துருவங்களில் இந்த விலகல் மிகுதி. பூமத்திய ரேகையில் அறவே இல்லை. சிங்கப்பூரும் ஜொகூரும் ரேகைக்கு மிக அருகில் உள்ளன. ஆகவே இங்கே புயல் இல்லை என்று பாடநூல்கள் கூறின.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அந்தமான் கடலின் தெற்கே ஏறத்தாழ 5 பாகையில், அதாவது விதியின் விளிம்பிலேயே தோன்றியது. டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. ஊரும் அழிந்தது.

விளிம்பைத் தாண்டி உள்ளேயே ஒரு புயல் 2001 டிசம்பரில் பிறந்தது. போர்னியோவுக்கு அருகே எழுந்த காற்றுச் சுழி ஒன்று தென்சீனக் கடலின் தென்கோடிக்கு நகர்ந்தது. மலாயாவுக்கும் போர்னியோவுக்கும் இடையே கடல் குறுகியிருக்கும் இடம் அது. அங்கே வெதுவெதுப்பான நீரின்மேல் அச்சுழி சில நாட்கள் தங்கியது. வடக்கிலிருந்து வேகமாக வந்த வாடைக்காற்று அதைச் சுற்றி வளைத்து ஓடிச் சுழற்சியை வலுப்படுத்தியது. பூமி தராத சுழற்சியைப் பருவக்காற்றே தந்தது எனலாம். ஏறத்தாழ 1.4 பாகையில் அது புயலாயிற்று. கடலில் இருந்த போர்க்கப்பல்கள் அதன் வேகத்தை மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் குறித்தன. டிசம்பர் 27ஆம் நாள், சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், ஜொகூர்க் கரையில் அது ஏறியது. வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. குனோங் பூலாய் மலைச்சரிவில் ஐவர் மாண்டனர். 'வாமெய்' என்று பெயர் பெற்ற இப்புயல் போன்றது 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரக்கூடும் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர்.

விதி பொய்யென்று ஆகிவிடவில்லை. பெரும்பாலும் அது மெய்யே. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நாம் மறந்துவிட்டோம். பெரியவர்களின் அனுபவமும் நூலறிவும் கடந்த காலத்தைச் சொல்லும். இன்று கடலில் என்ன நடக்கிறது என்பதைச் செயற்கைக்கோளும் கப்பலும் ராடாரும் பார்த்துச் சொல்லும் அன்றாட அறிவிப்பே காட்டும்.

பால்வெட்டுக்குப் போகும் நமக்கு இது புதிதன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியுமுன் மலாக்கா நீரிணை வழியாகத் திடீரென வீசும் 'சுமத்ரா' காற்றையும் மழையையும் அறிவோம். மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை, வருமானமும் குறையும். ஆகவே எழுந்ததும் வானத்தைப் பார்க்கிறோம். அத்துடன் அறிவிப்பையும் கேட்டுப் பழகுவோம். ஆற்றோரத்திலும் மலைச்சரிவிலும் குடியிருப்போர், 'இங்கே அப்படியெல்லாம் நடக்காது' என்று இருந்துவிடலாகாது. மார்கழி மழை நாட்களில் எச்சரிக்கை வந்தால், பிள்ளைகளையும் முதியோரையும் முதலில் மேட்டுக்கு அழைத்துச் செல்வோம். புயல் வராமற்போனால் இழப்பது ஓர் இரவுத் தூக்கம் மட்டுமே.