அரியாங்குப்பத்துக் குட்டிமீனும் ராஜபாளையத்து உப்புத்தண்ணியும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வர முடியலை. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். ஆணி பிடுங்கினது போக மிச்ச நேரத்தை ஒரு ரெண்டடி கண்ணாடித் தொட்டி எடுத்துக்கிச்சு. என்னத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

எனக்கு ராஜபாளையம். ஊர்ப் பேரைச் சொன்னதும் எல்லாரும் நாயைப் பத்திதான் கேப்பாங்க. பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. மீனைப் பத்தி யாரும் கேட்டதில்லை. 2020ல கொரோனாவுக்குப் பயந்து பொட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்து பொட்டி தட்டினப்போதான் எனக்கு மீன் பைத்தியம் பிடிச்சது. முதல்ல வாங்கினது நியான் டெட்ரா. நீலக்கோடும் சிவப்பு வாலுமா டியூப்லைட் மாதிரி மின்னுமே, அதேதான்.

அதைக் குஞ்சு பொரிக்க வைக்கணும்னு ஆசை. முட்டையும் போட்டுச்சு. மறுநாள் காலையில பார்த்தா எல்லாம் வெள்ளை வெள்ளையா செத்துக் கிடக்கு. மூணு தடவை இதே கதை. அம்மா கேட்டாங்க: "ஏண்டா, மீனுக்கு இந்தத் தண்ணி ஆகுமா? நமக்கே பருப்பு வேக மாட்டேங்குது."

நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவனுக்கு உறைக்காதது அம்மாவுக்கு உறைச்சிருக்கு. எங்க வீட்டு போர் தண்ணி அவ்வளவு உப்பு. வெந்நீர்ப் பானையில அடைஅடையா படியும். நியான் டெட்ராவோட சொந்த ஊர்லயோ தண்ணியில சுண்ணாம்புச் சத்து இல்லவே இல்லைன்னு சொல்லலாம். கடினத்தண்ணியில அதோட முட்டை பிழைக்கிறது கஷ்டம்.

அந்த ஊர்த் தண்ணிக்குப் பேரே கருநீர். காட்டுல உதிர்ந்த இலையும் கட்டையும் ஊறி ஊறி, கடுங்காப்பி நிறத்துல ஓடுற தண்ணி. இலையில இருந்து இறங்குற டானின், ஹ்யூமிக் அமிலம் எல்லாம் சேர்ந்து தண்ணியைப் புளிப்பாக்கிடும். கிருமியும் பூஞ்சையும் அதுல சுலபமா பெருகாது. இதுல பேர் போனது தென்னமெரிக்காவுல ஓடுற ரியோ நீக்ரோ. பேருக்கு அர்த்தமே கருப்பு ஆறுதான்.

டார்வினோட பேரைச் சொல்லும்போது கூடவே வர்ற ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், 1850ல இருந்து 1852 வரைக்கும் அந்த ஆத்துப் பக்கம் சுத்தி, மீன்களைப் பிடிச்சுப் பிடிச்சு வரைஞ்சாரு. ஊர் திரும்பும்போது, 1852 ஆகஸ்ட்ல, நடுக்கடல்ல கப்பல் தீப்பிடிச்சது. சேர்த்து வச்ச பொருள் பெரும்பாலும் போச்சு. ஒரு தகரப்பெட்டியில கையில கிடைச்சதைத் திணிச்சுக்கிட்டு படகுல குதிச்சாரு. அந்தப் பெட்டியில மீன் படங்கள் இருந்துச்சு. இன்னிக்கும் லண்டன்ல பத்திரமா இருக்கு.

நியான் டெட்ரா வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது அதுக்கு ரொம்பப் பின்னாடி. 1934ல ஒகுஸ்த் ரபோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அமேசான் காட்டுல பிடிச்சு பாரிஸுக்கு அனுப்பினாரு. 1936ல மையர்ஸ்ங்கிறவர் அதுக்கு அறிவியல் பேர் வச்சாரு. அமெரிக்காவுல மீன் வளர்ப்புப் பத்திரிகை நடத்தின வில்லியம் இன்னஸோட பேர்தான் அது. இதோட அண்ணன் மாதிரி இருக்கிற கார்டினல் டெட்ரா கதை இன்னும் தமாஷ். 1956 பிப்ரவரியில ரெண்டு கோஷ்டி ஆளுக்கொரு பேர் வச்சு, ஒரே ஒரு நாள் முந்தின கோஷ்டி ஜெயிச்சுடுச்சு. நம்ம ஊர்ல பத்திரப் பதிவு மாதிரி :-)

சரி, என் தொட்டிக்கு வருவோம். மொட்டைமாடியில மழைத்தண்ணி பிடிச்சேன். கருநீருக்கு இலை வேணுமே? மீன்காரங்க கொண்டாடுற இலை எதுன்னு பார்த்தா, தாய்லாந்துல சண்டை மீன் வளர்க்கிறவங்க பயன்படுத்துற கெட்டபாங் இலை. ஆன்லைன்ல பாக்கெட் போட்டு விக்கிறாங்க. படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. பள்ளிக்கூடத்துல கல்லால கொட்டையை உடைச்சுத் தின்போமே, அந்த வாதாங்கொட்டை மரத்து இலை! காசு கொடுத்து வாங்க இருந்த சருகை எங்க தெருவுல தினமும் கூட்டித் தள்ளுறாங்க.

தண்ணி ரெடி, பொன்னிறமா டீ மாதிரி. ஆனா அந்த வாரம் நியான் எல்லாம் நோய் வந்து போய்ச் சேர்ந்துடுச்சு. காலித் தொட்டி.

அப்பதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சித்தப்பா வயலுக்குப் போனேன். வாய்க்கால் ஓரம், புல் மறைவுல, ரெண்டு விரக்கடை நீளத்துல ஒரு மீன். கூரான வால், வாலடியில ஒரு கரும்புள்ளி. அடிக்கடி மேல வந்து ஒரு வாய் காத்து குடிச்சுட்டுப் போகுது. தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்த பெரியவர்கிட்ட பேர் கேட்டேன். "அதுக்கெல்லாம் பேரு எதுக்கு தம்பி, கொழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது"ன்னாரு. நாலு மீனைப் பிடிச்சுத் தூக்குவாளியில போட்டுக்கிட்டு வந்தேன். (செண்பகத்தோப்பு ஓடைப் பக்கம் போய் இந்த வேலையைச் செஞ்சுடாதீங்க. அது 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.)

ராத்திரி தேடினப்போ மீனோட அறிவியல் பேர் கிடைச்சது. சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ். அந்தக் 'குபானஸ்' எங்கே இருந்து வந்துச்சுன்னு பார்த்துட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். பாண்டிச்சேரி பக்கத்து அரியாங்குப்பம்! 1831ல பாரிஸ்ல குவியே இந்த மீனை விவரிச்சப்போ, மீன் கிடைச்ச அரியாங்குப்பம் ஆத்தோட பேரையே வச்சுட்டாரு. பெரியவர் பேரே வேண்டாம்னு சொன்ன மீன், கிட்டத்தட்ட 200 வருஷமா நம்ம ஊர்ப் பேரைச் சுமந்துக்கிட்டுத் திரியுது.

இதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. 1791ல தரங்கம்பாடியில டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட், குளத்தோரம் இருந்த பனைமரத்துல தரையில இருந்து அஞ்சடி உயரத்துல ஒரு மீன் ஏறிக்கிட்டு இருந்ததா எழுதி வச்சாரு. லண்டன்ல அது 1797ல அச்சாச்சு. அதே ஊர்ப் பாதிரியார் ஜான், பெர்லின்ல இருந்த ப்ளாக்குக்கு மீன்களை அனுப்பினவர், நம்மாளுங்க வச்ச பேரையும் சேர்த்துச் சொன்னாரு: பனையேறி. மீன் மரமேறுமான்னு பின்னாடி நிறைய பேர் சண்டை போட்டாங்க. பறவை தூக்கிப் போட்டிருக்கும்னு ஒரு கட்சி. ஆனா அது தண்ணிக்கு வெளியில உசிரோட இருக்கும்ங்கிறதுல சந்தேகமே இல்லை. தலைக்குள்ள மடிப்பு மடிப்பா ஒரு உறுப்பு இருக்கு, நேரடியா காத்தைச் சுவாசிக்கும். என் வாய்க்கால் மீனும் அந்த வம்சம்தான்.

இந்த உறுப்புதான் வெப்பநாட்டு மீன் வளர்ப்பையே தொடங்கி வச்சதுன்னு சொல்லுவேன். 1869ல பாரிஸ்ல கார்போனியேங்கிறவர் சீனாவுல இருந்து வந்த சொர்க்கமீனைத் தொட்டியில குஞ்சு பொரிக்க வச்சாரு. வீடுதோறும் காத்து பம்பு இல்லாத காலம். மாசக்கணக்குல கப்பல்ல கிடந்தும் பிழைச்சு வர, தானே காத்து குடிக்கிற மீனாலதான் முடியும். அதுவும் இதே வம்சம். மலேசியா, போர்னியோ கருநீர்ச் சதுப்புல இருக்கிற குட்டி குட்டி பாரோஸ்ஃப்ரோமெனஸ் மீன்களும் இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அந்தப் பேரினத்துக்கும் நம்ம மீனோட பேரினத்துக்கும் 1870கள்ல பேர் வச்சது ஒரே ஆள், ப்ளீக்கர்ங்கிற டச்சு ராணுவ டாக்டர்.

நம்மாளு அசல் கருநீர் மீன் இல்லை. வயல், குட்டை, கழிமுக உப்புத்தண்ணின்னு எங்கேயும் சமாளிக்கும். ஆனா அந்த இலைத்தண்ணியில விட்ட பத்தாம் நாள், மிதந்த வாதாம் இலைக்கு அடியில நுரைக்கூடு. ஆண் சிவப்பேற, பெண் கருகருன்னு மாறிடுச்சு. முட்டை கீழே விழ விழ வாயில எடுத்துக் கூட்டுல ஒட்டுது. ரெண்டு நாள்ல, கூட்டுக்கு அடியில கமா மாதிரி குஞ்சுங்க தொங்குது. வைக்கோல் ஊறவச்ச தண்ணியில வளர்ற நுண்ணுயிரைச் சொட்டுச் சொட்டா விட்டேன். அம்மா வந்து பார்த்துட்டு "ஆம்பளை மீனா கூட்டைக் காவல் காக்குது?"ன்னு கேட்டுட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாங்க.

போன வருஷம் குஞ்சுகள்ல பாதியை அதே வாய்க்கால்ல விடலாம்னு தூக்குவாளியோட போனேன். வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் அடியிலயும் சிமெண்ட் போட்டுட்டாங்க. தண்ணி வேகமா, சுத்தமா ஓடுது. புல் இல்லை, சருகு இல்லை, நுரைக்கூடு ஒட்ட ஒரு நிழல் இல்லை. கடைமடை வரைக்கும் தண்ணி சீக்கிரம் வருதுன்னு சித்தப்பாவுக்குச் சந்தோஷம். அதையும் தப்புன்னு சொல்ல முடியலை. வாளியைத் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன்.

வாலஸ் தகரப்பெட்டியில படத்தை வச்சுக் காப்பாத்தின மாதிரி, நான் ரெண்டடித் தொட்டியில மீனை வச்சிருக்கேன்னு பெருமையா சொல்லிக்கலாம்தான். ஆனா தொட்டி வாய்க்கால் ஆகாது. தரங்கம்பாடிக்காரங்க பனையேறின்னு பேர் வச்சது, அந்த மீனைத் தினமும் பார்த்ததாலதான். பார்க்கிறதுக்கே மீன் இல்லாமப் போனா பேரும் போயிடும். அரியாங்குப்பம் மட்டும் லத்தீன்ல மிஞ்சும்.

உங்க ஊர் வயல்லயும் இந்தக் கூர்வால் குட்டிமீன் இருந்திருக்கும். உங்க தாத்தா பாட்டி அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேட்டு ஒரு வரி எழுதிட்டுப் போங்க. நான் குறிச்சு வச்சுக்கிறேன்.

டிஸ்கி: குஞ்சு வேணும்கிறவங்க நேர்ல வாங்க. காசு வேண்டாம். வரும்போது ரெண்டு வாதாம் சருகு போதும்.