வென்ட், லயனல்

லயனல் வென்ட் (1900–1944) இலங்கையின் நவீனப் புகைப்படக் கலைக்கு வழிவகுத்த கலைஞர். பியானோ இசைஞர், கலை விமர்சகர். ஆண் உடலை ஆடையின்றிக் காட்டும் கலைப்படங்களுக்காகப் பெரிதும் அறியப்படுபவர். கொழும்பில் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த நீதிபதி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் சட்டமும் பியானோவும் பயின்று, 1924இல் நாடு திரும்பினார். வழக்கறிஞர் தொழிலில் நீடிக்கவில்லை.

1930களில் முழுமூச்சாகப் புகைப்படத்தில் இறங்கினார். இவருடைய நிர்வாணப் படங்களில் தசையின் திரட்சியும் தோலில் விழும் ஒளியுமே முதன்மை பெறுகின்றன. மீனவர், உழைப்பாளர் போன்ற எளிய மக்களின் உடலைச் செவ்வியல் சிற்பத்துக்குரிய கண்ணியத்தோடு காட்டியதே இவரது தனிச்சிறப்பு. இருட்டறையில் பாதி உருத்துலங்கிய படத்தின்மீது சிறிது நேரம் வெளிச்சம் படவிடும் 'சோலரைசேஷன்' முறையை விரும்பிக் கையாண்டார். இதனால் ஒளியும் நிழலும் ஓரளவு இடம்மாறி, உருவத்தின் விளிம்பில் மெல்லிய கோடு தோன்றும். பாரிசில் புகைப்படக் கலைஞர் மான் ரே புகழ்பெறச் செய்த இம்முறையைத் தென்னாசியாவில் முதலில் கையாண்டவர்களுள் இவரும் ஒருவர். பல படங்களை ஒன்றிணைக்கும் ஒட்டுப்படங்களும் செய்தார்.

பேசில் ரைட் இயக்கிய 'சாங் ஆஃப் சிலோன்' (1934) ஆவணப்படத்தின் பின்னணிக் குரல் இவருடையது. ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தெரணியகல முதலிய ஓவியர்கள் இணைந்த '43 குழு' உருவாக முன்னின்றார்.

மறைவுக்குப் பின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. ஈடுசெய்ய முடியாத இழப்பு இது. இவருடைய படங்கள் அடங்கிய 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' நூல் 1950இல் லண்டனில் வெளிவந்தது. இவர் பெயரிலான அரங்கம் 1953 முதல் கொழும்பில் இயங்குகிறது.