தகப்பன் பதிந்தான், பிள்ளை?

வெளியூரிலிருந்து வந்த தகப்பன் சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டால் பிள்ளைகளும் கூடவே குடிமக்களாகிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 124ஆவது பிரிவின்படி, பிள்ளை 21 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், சிங்கப்பூரில் குடியிருக்க வேண்டும், பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அரசாங்கம் பதிவு செய்யலாம். செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த நிபந்தனைகளில் பார்வைக்கு மிக எளியது சிங்கப்பூரில் குடியிருப்பது. தமிழர்களை அதிகம் வாட்டியது அதுதான். இந்த நகரத்துக்கு உழைக்க வந்த தமிழர்களின் பிள்ளைகளில் யாருக்குக் குடியுரிமை கிட்டியது என்று பின்னோக்கிப் பார்த்தால், தகப்பனின் உழைப்பைவிடவும் விசுவாசத்தைவிடவும் தாய் எந்த ஊரில் குடித்தனம் நடத்தினாள் என்பதே கணக்கில் நின்றது என்பேன்.

சிராங்கூன் சாலை வட்டாரத்தின் பழைய உழைப்பாளிகளை எண்ணிப் பாருங்கள். மாட்டுத் தொழுவங்களில் பால் கறந்தவர்கள், நகராட்சியில் சாலையும் சாக்கடையும் பார்த்தவர்கள், மளிகைக் கடையில் சிப்பந்தியாக இருந்து மாடியிலேயே படுத்துக்கொண்டவர்கள். பெரும்பாலும் தனி ஆண்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை கப்பலேறி ஊருக்குப் போய், கல்யாணம் முடித்து, அல்லது பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வீடு என்பது தஞ்சாவூரிலோ ராமநாதபுரத்திலோ இருந்தது. இதற்கு நேர்மாறாக வந்தவர்கள் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள். அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். மிளகாயும் மஞ்சளும் மல்லியும் அம்மியில் அரைத்து, அந்த மசாலாவை விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியதே படிக்கப் பிள்ளைகள் இங்கே இருந்ததால்தான். தொழுவத்தில் கறந்த கைக்கும் அம்மியில் அரைத்த கைக்கும் உழைப்பில் பேதமில்லை. ஆனால் 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, இந்த மண்ணில் பிறந்த பிள்ளை கேட்காமலே குடிமகன் ஆயிற்று. ஊரில் பிறந்தது ஆகவில்லை.

அப்போதைய முதலமைச்சர் லிம் இயூ ஹாக்கின் அரசாங்கம் கொண்டுவந்த அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சீன வர்த்தகச் சங்கத்தின் பல வருஷப் போராட்டம் இருந்தது. சீனாவில் பிறந்த சுமார் 2,20,000 பேருக்கு வாக்குரிமை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வெளியே பிறந்தவர்கள் போதிய காலம் குடியிருந்து, விசுவாச உறுதிமொழி எடுத்தால் பதிந்துகொள்ளலாம் என்று வழி திறந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர்களைப் பதிந்துகொள்ளும்படி ஓயாமல் வற்புறுத்திய காலம் இது. பதிந்தவர்கள் பதிந்தார்கள். பதியாதவர்களுக்கு அதன் விலை தெரியப் பத்து வருஷம் பிடித்தது. 1965க்குப் பிறகு குடிமக்களல்லாத தொழிலாளர்கள் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. 1966இல் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம் என அடையாள அட்டையே நிறம் பிரிந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்ததும், செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த இந்தியத் தொழிலாளர் பலர் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

சரி, பதிந்த தகப்பனின் பிள்ளைக்காவது வழி இருந்ததா? சிக்கல் இங்கேதான் இறுகுகிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தரும் 122ஆவது பிரிவு, 1963 செப்டம்பர் 16க்குப் பின் பிறந்தவர்களைப் பற்றியது. பிள்ளை பிறக்கும்போதே தகப்பன் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஆகவே 1964இல் ஊரில் மூத்தவன் பிறந்து, 1966இல் தகப்பன் பதிந்திருந்தால், மூத்தவனுக்கு இந்த வழியில் ஒன்றுமில்லை. 1968இல் பிறந்த இளையவனுக்கு? அங்கே இன்னொரு விதி குறுக்கே நிற்கிறது. தகப்பன் பிறப்பால் அல்லாமல் பதிவால் குடிமகன் ஆனவரென்றால், பிறந்த நாடு அந்தப் பிள்ளைக்குப் பிறப்பின் பேரிலேயே குடியுரிமை தரக்கூடாது. இந்தியாவோ 1987 ஜூலை 1க்கு முன் தன் மண்ணில் பிறந்த ஏறக்குறைய எல்லாரையும் குடிமக்களாக ஏற்றுக்கொண்ட நாடு. அந்தத் தாராளமே சிங்கப்பூர் வழியை அடைத்தது. மூத்தவன் தேதியால் விழுந்தான், இளையவன் இடத்தால் விழுந்தான். இருவருக்கும் மிஞ்சியது 124ஆவது பிரிவின் பதிவு. அதற்குப் பிள்ளை முதலில் இங்கே வந்து வாழ வேண்டும். 1953 ஆகஸ்ட் முதல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோரை வடிகட்டத் தொடங்கியிருந்தது. அண்டை மலாயாவிலும் இதே போக்குதான்: அங்கே 1959இல் வந்த திருத்தம், கணவனை ஐந்து வருஷம் பிரிந்திருந்த மனைவியையும் ஆறு வயதைக் கடந்த பிள்ளையையும் வெளியே நிறுத்தியது. பிரிந்து வாழ்வதே குடும்ப வழக்கமாக இருந்த சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூட்டை யாரும் செய்திருக்க முடியாது.

தமிழர்களே மனம் வைக்கவில்லை, ஊரில் நிலமும் கையில் இந்தியக் கடப்பிதழும் இருக்கட்டும் என்று காத்திருந்தார்கள், சட்டத்தைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். காத்திருந்தது உண்மை. இரட்டைக் குடியுரிமைக்கு இரு நாட்டிலும் இடமில்லாதபோது, மனைவி மக்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கத்துத் தாளை விடாமல் பிடித்துக்கொள்வது அசட்டுத்தனமல்ல. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி ஒருவர் குடியுரிமையைத் துறந்தால் அவருடைய வயது வராத பிள்ளைகளும் அதை இழப்பார்கள். ஒரு நாடு பிள்ளையைத் தானாகவே விலக்குகிறது, மற்றது தானாகச் சேர்ப்பதில்லை. இந்த இடைவெளியைக் கண்டு தகப்பன் தயங்கியதை விசுவாசக் குறைவு என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

இன்னும் வலுவான வாதம் ஒன்று உண்டு. குடியுரிமை என்பது உறுதிமொழி. குழந்தையால் உறுதிமொழி எடுக்க முடியாது. எனவே அரசு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இதற்கான விடை இதே அரசியலமைப்பில் இருக்கிறது. வம்சாவளிக் குடிமகன் முதலில் குடியுரிமையைப் பெற்றுக்கொள்கிறான். 21 வயதான பிறகு ஒரு வருஷத்துக்குள் உறுதிமொழி எடுக்காவிட்டால்தான் இழக்கிறான். முதலில் கொடுத்துப் பிறகு கேட்பது எப்படி என்று சட்டத்துக்குத் தெரிந்தே இருக்கிறது. தவிர, பிள்ளையை அதன் சொந்த விசுவாசத்தால் அளப்பதே நோக்கமென்றால், பெற்றவர் குடியுரிமையைத் துறக்கும்போது, அவருடைய பிள்ளை என்ற முறையில் பதிவான 21 வயதுக்கு உட்பட்டவரின் குடியுரிமையையும் பறிக்கலாம் என்று இன்னொரு பிரிவு ஏன் சொல்கிறது? வாங்கும்போது தனி ஆள், இழக்கும்போது தகப்பனின் வால்.

சின்னத் தீவு, எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி. அந்த அச்சத்தை நான் தள்ளமாட்டேன். 2013இன் மக்கள்தொகை வெள்ளை அறிக்கைகூட ஆண்டுக்கு 15,000 முதல் 25,000 புதிய குடிமக்கள் என்றுதான் வரம்பு பேசியது. ஆனால் தானாகக் கிடைக்கும் குடியுரிமை கதவைத் திறந்துவிடும் என்பது சரியல்ல. அமெரிக்கா 2000இல் இயற்றிய சட்டம், குடிமகனான பெற்றோரின் பொறுப்பில் வாழும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தானாகவே குடிமகனாக்குகிறது. பிள்ளை ஏற்கெனவே நிரந்தரவாசியாக நாட்டுக்குள் இருக்க வேண்டும். யாரை உள்ளே விடுவது என்ற அதிகாரம் அங்கேயும் குடிநுழைவுத் துறையிடமே இருக்கிறது.

சிங்கப்பூரும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 2004 மே 15 முதல் தாய் வழியாகவும் வம்சாவளிக் குடியுரிமை வந்தது. அதற்கு முந்தின நாள் சென்னையில் ஒரு சிங்கப்பூர்த் தாய்க்கும் இந்தியத் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைக்கு அது இல்லை. அந்தப் பிள்ளைக்கு இருந்த வழியும், புதிதாகப் பதிந்த தகப்பனின் பிள்ளைக்கு இருக்கும் அதே 124ஆவது பிரிவுதான்: இங்கே வந்து குடியிருந்து, 21 வயதுக்குள் விண்ணப்பித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது.