சேலத்துப் பீடித் தொழிலாளர் வழக்கு

நேற்றுவரை மாதச் சம்பளம் பெற்ற ஊழியர், இன்று அதே நிறுவனத்துக்குச் சுயேச்சையான ஒப்பந்தக்காரராகக் கையெழுத்திடுவது பெங்களூரில் அபூர்வமன்று. பிரேசர் டவுனில் எங்கள் தெருவிலேயே இத்தகையோர் உளர். வருங்கால வைப்பு நிதி நின்றுவிடும், பணிக்கொடைக்கும் வழியிராது, வேலை மட்டும் முன்போலவே நடைபெறும். இது கணிப்பொறி யுகத்தின் புதுமை என்று எண்ணும் நேயர்களுக்குச் சேலத்து வரலாறு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

அன்றைய சென்னை மாநிலத்துப் பீடி முதலாளிகள் சிலர், தமக்கும் பீடி சுற்றுவோருக்கும் இடையே ஒப்பந்தக்காரர் என்று சிலரை அமர்த்தியிருந்தனர். இலையையும் புகையிலையையும் முதலாளி கொடுப்பார். ஒப்பந்தக்காரர் ஆள் வைத்துச் சுற்றுவித்துத் திருப்பிக் கொடுப்பார். சரக்கின் விலை போக மிச்சம் அவருக்குக் கிடைக்கும். ஏட்டளவில் இது வெறும் கொள்வினை கொடுப்பினையே. சுற்றியவரின் கூலிக்கு முதலாளி பொறுப்பல்லர் என்பதே அதன் பயன்!

தகராறு தொழில் நியாய மன்றத்தை அடைந்தபொழுது உண்மை வெளிப்பட்டது. ஒப்பந்தக்காரர் எனப்பட்டோர் கைமுதலற்ற ஏழைகள். அவர்களுட் சிலர் அதே முதலாளிகளிடம் முன்பு ஊழியராயிருந்தவர்கள். சரக்கைக் கொண்டுபோய்ப் பீடியைச் சேகரித்துத் தருவதன்றி அவர்களுக்கு வேறு அலுவல் இல்லை. ஆகவே, சுற்றுவோர் முதலாளிகளின் தொழிலாளரே என்று மன்றம் கூறிற்று. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி இதனை மாற்றினார். பெஞ்சு மீண்டும் நிலைநாட்டிற்று. திவான் மொகிதீன் சாகிபு நிறுவனத்தாரின் மேல்முறையீட்டை 1964இல் உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டது. எதிர்த்து நின்றது சேலத்துத் தொழிற்சங்கம்.

எனினும், ஒப்பந்தம் எல்லாமே போலி என்று கொள்ளலாகாது. மத்தியப் பிரதேசத்துச் 'சட்டேதார்'கள், தம் விருப்பப்படி வேறிடத்தில் பீடி செய்வித்துத் தரும் உரிமை உடையவர்கள். அவர்கள் மெய்யாகவே சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்று 1958இல், சிந்தாமன் ராவ் வழக்கில், அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வேலையின் முறையை விதிப்பவர் யார், மூலப்பொருள் யாருடையது, இலாப நட்டம் யாரைச் சாரும், பிறருக்கு வேலை செய்ய இயலுமா என்பனவே கேள்விகள். தலைப்பில் எழுதிய பெயரைப் பார்த்து மட்டும் நீதிபதிகள் மயங்கவில்லை.

சென்னை மாநிலம் 1958இலேயே பீடித் தொழிலுக்குத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் கட்டுப்பாடு உள்ள மாநிலத்தை விட்டு இல்லாத இடத்துக்குத் தொழிலே நகர்ந்துவிடும்! அதனாலேயே 1966இல் மத்திய அரசின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை வாங்கும் முதலாளியையும் அது பொறுப்பாளியாக்கியது. வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. அதனை எதிர்த்து மங்களூர் கணேஷ் பீடி நிறுவனத்தார் முதலியோர் வழக்காடினர். 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.